வாயைத் திறக்கச் சொல்லாத பல் டாக்டர்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது... எனது வலது கீழ்க் கடைவாய்ப் பல் சென்ற மாதம் பிடுங்கப்பட்டுக் காலமானது. வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல், அதனால்தான் தாமதம்.

பல்லாண்டு வாழ வேண்டிய பல். எனக்குப் பதினேழு வயது, அதற்கு ஐந்தோ ஆறோதான்.

சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் சோடா மூடியை அந்தப் பல்லால்தான் கடித்துத் திறந்து கைதட்டல் வாங்கினேன். விரிசல் விழுந்ததும் அன்றைக்குத்தான்.

ஒரகடத்தில் மாடியில் ஒரு கிளினிக். ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு வரிசையாக ஆட்கள். ஒருவருக்கு ஈறு வீக்கம், ஒருவருக்குப் பல் கூச்சம், எனக்குப் பிடுங்கல். எல்லாச் சீட்டிலும் ஒரே வலி மாத்திரை, ஐந்து நாளைக்கு. ஜெராக்ஸ் கடை என்றே போர்டு வைத்திருக்கலாம். ச்சை...

அடுத்த வாரம் கதவருகே நின்றபடி, "இன்னும் வலிக்குது சார்" என்றேன்.

டாக்டர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதே மாத்திரை. இன்னும் அஞ்சு நாள்."

அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாயைத் திற என்று ஒரு வார்த்தை இல்லை. பல் டாக்டராம்!

நான் அந்த மாத்திரைகளைத் தொடவே இல்லை. "வலியெல்லாம் எனக்குத் தூசு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அட்டைகள் ஃப்ரிட்ஜ் மேலே கிடந்தன.

அப்பாவுக்குக் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்று நின்று முட்டி வலி. அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"பல்லுக்கு கேக்குறது முட்டிக்கு கேக்காதா இன்னா?"

"துன்னுட்டு போடுய்யா," என்றாள் அம்மா.

"பஸ்ஸு பூடும்டி."

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, வேலை முடிந்து வந்து ஒன்று.

ஒரு நாள் லைனிலேயே மயங்கி விழுந்தார். வயிற்றில் புண்ணாகி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலி அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இத யாரு எழுதிக் குடுத்தது?"

"பல் டாக்டரு," என்றார் அப்பா.

"உங்க பல்லுக்கா?"

"என் புள்ள பல்லுக்கும்மா."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். கஞ்சிதான். நேற்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உன் மாத்திரைய எல்லாம் நானே முழுங்கிட்டேன்டா. நீ வலிய தாங்கிகினு கம்முனு இருந்துக்கிற. மனசுல வச்சிக்காத நைனா."

கஞ்சி டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால்... பிடுங்கிய மூன்றாம் நாளே வலி போய்விட்டது. வாராவாரம் வரும் கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுக்கு மட்டம் போட டாக்டர் சீட்டு வேண்டும், அதற்குத்தான் இரண்டு தடவை போனேன். வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் அன்றே மாட்டியிருப்பேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் முகநூலில் இல்லை. சித்தப்பா, நீங்கள் படித்தால் ஒரு லைக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

போய் வா, பல்லே. உன் பேரைச் சொல்லித்தான் அந்த மாத்திரை அத்தனையும் வாங்கினேன்.