நாற்பத்தாறு கிலோ

ரத்த வங்கியில் ஊசி குத்துகிறவருக்கு முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கொசு'. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் ரத்தத்தை உறிஞ்சுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ரத்தத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்குக் குமட்டிக்கொண்டு வருவதெல்லாம் மனுஷர்களைப் பார்த்தால்தான்.

அன்று காலை பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது, தாய் தாங்குவாளா என்பது டாக்டருக்கே சந்தேகம். பி பாசிட்டிவ் இரண்டு பை உடனே வேண்டும் என்றார். இருந்தது ஒன்றுதான்.

கொசு வராந்தாவுக்குப் போனார். புருஷன் வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் சார்" என்றான் புருஷன்.

"நான் டெய்லி ஜிம்முக்குப் போறவன். உடம்பு வீக்காயிடும்" என்றான் கொழுந்தன். கழுத்து மாடு மாதிரி இருந்தது.

மாமியார் இரண்டு பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆம்பளப் புள்ளைங்க உடம்புல கை வைக்காதீங்க சார். வெளியில யாரையாவது பாருங்களேன்."

சீ, இதுவும் ஒரு குடும்பம்! உள்ளே கிடக்கிறவள் மட்டும் ஊரான் ரத்தத்திலா பேரனைப் பெற்றுக் கொடுத்தாள்? காறித் துப்பலாம் போல வந்தது. ஆஸ்பத்திரித் தரையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டார்.

அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் பின்னாலேயே வந்தாள். ஏற்கனவே கொடுத்திருக்கிறவள், அதே குரூப்.

"நான் தர்றேன் சார். கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

வந்தாள். எடை மிஷினில் ஏறினாள். நாற்பத்தாறு. நாற்பத்தைந்துக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. இவள் எப்போதும் நாற்பத்தாறுதான். கொசு எழுதிக்கொண்டார். அவள் கட்டிலில் சாய்ந்தபோது இடுப்பிலிருந்து 'டங்' என்று ஏதோ விழுந்தது. சமையலறைத் தராசின் இரண்டு கிலோ எடைக்கல். மடியை அவிழ்க்கச் சொன்னால் ஒரு கிலோ கல்லும் வந்தது.

"எவ்ளோ நாளா இந்த வேலை?"

"ஏழு தடவை சார். கல்லு இல்லாம வந்தா நீங்க தொரத்திடுவீங்களே."

"மயங்கி விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?"

"குடுக்கிறவளைச் சாமி சாக விடுமா? ஏழு தடவையும் ரத்தத்தை ஊற வெச்சுச்சே, இன்னிக்கு மட்டும் மறந்துடுமா?"

"அந்தக் கும்பலுக்காகவா குடுக்குற?"

"அவங்களுக்கு யாரு குடுக்கிறா? அந்தப் பொண்ணு நேத்து அவ்வளவு வலியிலயும், தரை வழுக்குது, பாத்துப் போங்கக்கான்னு சொல்லுச்சு சார்."

கொசு அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏழு தடவை தன் கையால் நாற்பத்தாறு என்று எழுதியிருக்கிறார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, மணிக்கட்டு குச்சியாக இருக்கிறது. மிஷின் முள்ளைப் பார்த்தாரே தவிர, மேலே நின்ற மனுஷியை ஒரு தடவையாவது பார்த்தாரா? வராந்தாவைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது தன்னைப் பார்த்தே வந்தது.

"உன்கிட்ட எடுக்க முடியாதும்மா. எந்திரி."

"அப்போ அந்தப் பொண்ணு?"

எழுதியிருந்த நாற்பத்தாறை அவர் பேனாவால் அடித்தார்.

"உங்களுக்கு என்ன குரூப் சார்?"

"பி பாசிட்டிவ்." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவள் முகத்தில் குத்தலோ நக்கலோ துளியும் இல்லை. பாவப்பட்டுத்தான் சொன்னாள்: "நீங்க போன மாசந்தான் குடுத்திருப்பீங்க, இல்ல சார்? மறுபடி குடுக்க மூணு மாசம் ஆகணுமே. இங்கேயே இருக்கிறவரு, குடுக்காமலா இருப்பீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை; அவரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் மயக்கம், வீக்கு என்று அவருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும். தூ என்றிருந்தது.

அவள் இறங்கிய கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் எடைக்கற்களைப் பொறுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். நர்ஸ் ஃபாரத்தை எடுத்து, பேனாவைத் திறந்தாள்.

"வெயிட் எவ்ளோ சார்?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எண்பத்திரண்டு."