கோழி வலைப் படகு

முத்துலிங்கம் எதைக் கட்டினாலும் உள்ளே கோழி வலை இருக்கும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் துவைகல் பிளந்தால் வலை, வாசற்படி உடைந்தால் வலை, கோவில் உண்டியல் மேடை என்றாலும் வலைதான். கொழும்பில் தண்ணீர்த் தொட்டி கட்டப் போயிருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. கம்பி வலையை நாலைந்து அடுக்காகப் போட்டு, கண்ணுக்குக் கண் சீமெந்துச் சாந்தை அழுத்தினால், விரல் தடிமன் சுவர்கூட லேசில் உடையாது என்று அங்கே கண்டுவந்தார். கண்டதோடு விடாமல், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னார். கொத்து வேலைக்காரர் என்பதால் மேசன் பாஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டம், அவரை வலை பாஸ் ஆக்கிவிட்டது.

மகள் தனுஜாவை மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இங்கே வாசலில் நின்றால் அவள் வீட்டு நீலத் தகரக் கூரை தெரியும். கொடியில் துணி காய்ந்தால் அதுவும் தெரியும். ஆனால் போவதென்றால் இரண்டு பஸ் ஏற வேண்டும். அந்த இரண்டாவது பஸ் வந்தால் வரும். தனுஜா பிள்ளை உண்டாகியிருந்த நேரம். அவளுக்கென்று மீன்குழம்பு எடுத்துக்கொண்டு போன மனைவி ஜீவராணி, பஸ் வராமல், குழம்பும் தானுமாக நனைந்து வீடு திரும்பினாள்.

"ஒரு போட்டு கட்டிருவோம்" என்று படகுக்கு அடி போட்டார் முத்துலிங்கம்.

"பலகைக்கு எங்கங்க போறது?"

"பலகை எதுக்கு? சீமெந்துலதான்."

ஜீவராணி புருஷனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

முடியும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் மஸ்கெலியாவில் இஸ்ஸதீன் நாநாவின் இரும்புக் கடையில் சுருள் சுருளாக வலை வாங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"எத்தன கோழி ஈக்குது, பாஸ்?" என்று கேட்டார் இஸ்ஸதீன்.

"இருக்கு, இருக்கு" என்று மழுப்பிவிட்டு வந்தார் முத்துலிங்கம்.

அவ்வளவுதான். வலை பாஸ் பெரிய கோழிப் பண்ணை போட்டிருக்கிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு அழகம்மா முட்டை கேட்டு வந்தாள். ஜீவராணி கடை முட்டையை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாள். மறுவாரமும் அழகம்மா வந்து நின்றபோது பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"கோழி இல்ல அழகம்மா. அவரு சீமெந்துல போட்டு கட்டுறாரு."

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. அதுக்காக இப்படியா கத கட்டுவ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் அழகம்மா.

லயத்துக்குப் பின்னால், தார்ப்பாய்க்குள், படகு கவிழ்ந்தபடி உருவானது. மெல்லிய கம்பியில் எலும்புக்கூடு. அதன்மேல் வலை, வலைக்கு மேல் வலை. குறட்டால் முறுக்கி முறுக்கி அவர் விரலெல்லாம் கீறல். பிறகு சாந்து. பூசிய சாந்து சட்டென்று காயக் கூடாது, பல நாள் ஈரமாகவே இருக்க வேண்டும். மஸ்கெலியா மழைக்கு அந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து படகைத் தூக்கிப்போய்த் தண்ணீரில் இறக்கினார்கள். கரையில் திருவிழாக் கூட்டம். படகு ஒருமுறை ஆடியது, நின்றது. 

அழகம்மாவின் புருஷன் பழனியாண்டி குனிந்து பார்த்தார். "மெதக்கல அண்ணே. தரையில ஒக்காந்திருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாலு பேர் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டதும் படகு மிதந்தது. "அப்ப நீங்களே ஏறி ஓட்டிக் காட்டுங்க பாஸ்!" என்று ஒரு குரல் வந்தது.

முத்துலிங்கத்தின் முகம் வெளுத்தது. படகு கட்டும் மும்முரத்தில், தமக்கு நீந்தத் தெரியாது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். சாந்து இன்னும் இறுகணும், காற்று சரியில்லை என்று ஏதேதோ சொன்னார். ஜீவராணி பார்த்தாள். அவள் அப்பா இதே தண்ணீரில் மீன் பிடித்தவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடுப்பை வாங்கி, ஏறி உட்கார்ந்தாள். படகு சத்தமில்லாமல் கரையை விட்டு விலகியது.

"எடது பக்கம் போடு! எடது!" என்று கரையில் நின்று கத்தினார் முத்துலிங்கம். அவள் அவர் சொன்னபடியே இடது பக்கம் துடுப்பைப் போட்டாள். படகு வலப்பக்கம் திரும்பி, நீருக்குள் மறைந்திருந்த பாறையில் 'டொங்' என்று மோதியது.

அவள் திரும்பி வந்தபோது பக்கவாட்டில் கையகலத்துக்கு விரிசல். சாந்து கொஞ்சம் உதிர்ந்து கம்பி தெரிந்தது. ஆனால் வலை ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே தண்ணீர் கசிந்து, ஜீவராணியின் கால்விரல் நனைந்திருந்தது, அவ்வளவே. முத்துலிங்கம் மண்டியிட்டு அந்த விரிசலைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"போனா போகுதுங்க, பூசிக்கலாம்" என்றாள் ஜீவராணி.

"அட, அழகப் பாரு புள்ள! வெறும் சீமெந்தா இருந்தா ரெண்டா பொளந்திருக்கும்!" என்றவர், பழனியாண்டியின் கையைப் பிடித்து இழுத்து விரிசலுக்குள் விரலை விடச் சொன்னார். வந்தவர் எல்லோரும் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார். மிதந்ததைவிட உடையாததில்தான் அவருக்கு அத்தனை பெருமை. பூசி அடைக்கவே மனம் வரவில்லை. ஜீவராணி ஒரு வாரம் நச்சரித்த பிறகே அடைத்தார்.

பூச்சு இறுகிய பிறகு வந்த ஞாயிறு, ஜீவராணி துடுப்புப் போட, அவரும் ஏறினார். இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார்.

"கண்ணத் தொறங்கப்பா, கரை வந்திருச்சு" என்று தனுஜாவின் குரல் கேட்டது.

திறந்தார். முதலில், தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று படகின் அடியைத்தான் பார்த்தார். பிறகுதான் மகளை, அவள் வயிற்றை, சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கும் மருமகனை. அன்று சாயங்காலம் வரை ரொட்டியும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்து, சம்பந்திக்கு வலையின் மகிமையை விளக்கினார். அந்த மனுஷனும் தூங்காமல் கேட்டார்.

"பனி எறங்குது, வாங்க" என்று கரையிலிருந்து கூப்பிட்டாள் ஜீவராணி.

முத்துலிங்கம் போய் ஏறினார். திரும்பும்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.