மூலை வெட்டிய அட்டை

பல்கலைக்கழக நூலகத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறைதான் முன்னாள் மாணவர் சங்கம். கூரை சரிந்திருப்பதால் உயரமானவர்கள் முதல் தடவை கட்டாயம் தலையை இடித்துக்கொள்வார்கள். "குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்க" என்று முப்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அட்டையக்கா. சொன்ன பிறகும் இடித்துக்கொள்கிறவர்களுக்குப் பட்டம் கொடுத்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

அறை முழுக்க இழுப்பறைகள். அவற்றில் பதினோராயிரம் அட்டைகள். பட்டம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெயரும் பட்ட எண்ணும் மையில், விலாசம் மட்டும் பென்சிலில். மனிதர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? ஒருவர் இறந்துபோனால் அட்டையின் வலது மூலையை வெட்டி, வெட்டிய இடத்தில் வருஷத்தை எழுதி, அடி இழுப்பறைக்கு மாற்ற வேண்டும். எதையும் கிழித்துப் போடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள்.

அட்டையக்காவும் அங்கேயே வேதியியல் படித்தவர்தான். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கையில் பரீட்சை முடிந்துபோனது. அப்புறம் தம்பிகள் படிப்பு, கல்யாணம், குழந்தை என்று அந்த ஒரு பேப்பர் எழுதப்படாமலே நின்றுவிட்டது. சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்த முதல் வாரம், மத்தியானம் யாருமில்லாத நேரம், ஆசை யாரை விட்டது, தன் பெயரிலும் ஓர் அட்டை எழுதித் தன் செட்டு இழுப்பறையில் சொருகிவிட்டார். பட்ட எண் என்ற இடம் மட்டும் காலி. அதிலிருந்து வருஷா வருஷம் ஆண்டுக் கூட்ட அழைப்பு அவர் வீட்டுக்கும் வந்தது.

"தனக்குத் தானே லெட்டர் போட்டுக்கிற ஆளை எங்க வீட்லதான் பாக்கலாம்" என்பார் கணவர்.

"உங்களுக்கு யாராவது போடறாங்களா? சும்மா இருங்க!"

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது புதுச் செயலாளராக ஒரு பல் டாக்டர் வந்தார். "சங்கத்தோட வரலாறைப் புத்தகமாப் போடறோம்க்கா. காணாமப்போன சிநேகிதனைத் தேடறதுக்காக ஏழு பேர் சேந்தாங்களே, அதுலேருந்து ஆரம்பிக்கணும். கடைசியில இன்னிக்கு இருக்கிற எல்லா உறுப்பினர் பேரும் வரணும். ஒவ்வொரு பட்ட எண்ணையும் சரிபார்த்துட்டுத்தான் அச்சுக்கு." அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பெண்ணையும் அமர்த்திவிட்டார்.

அட்டையக்கா தன் செட்டு இழுப்பறையைத் திறந்து, பட்ட எண் இல்லாத அந்த அட்டையைப் பார்த்தார். ஓய்வுக்கு இன்னும் எட்டே மாதம். முப்பத்தாறு வருஷ நல்ல பேர் ஒரே அட்டையில் போய்விடும். கிழிக்கவும் முடியாது, எண்ணிக்கை இடிக்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கத்தரிக்கோலை எடுத்தார். செத்தவர்களிடம் யார் பட்ட எண் கேட்கப்போகிறார்கள்? மூலையை வெட்டி, பழக்க தோஷம், வருஷத்தையும் எழுதி, அடி இழுப்பறையில் போட்டார். நிஜமாகவே யாரோ போய்விட்ட மாதிரி அழுகை வந்தது.

ஒன்றை மறந்துவிட்டார், பாவம். அந்தந்த வருஷம் மறைந்தவர்களின் பெயர்களை ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்பார்கள். அந்தப் பட்டியலை எப்போதும் அவரேதான் எழுதுவார். இந்த முறை கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்துவிட்டது.

கூட்டத்தன்று கூட்டக் குறிப்பு நோட்டுடன் கதவோரம் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். "மறைந்த நம் உறுப்பினர்கள்" என்று டாக்டர் வாசிக்க ஆரம்பித்தார். ஒன்பதாவதாக, 'அக்கா' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய அவர் வாயிலிருந்து, யாருடையது என்று தெரியாமலே அட்டையக்காவின் முழுப்பெயர் கணீரென்று வந்தது. சபை எழுந்து நின்றது.

"யோவ் டாக்டர்!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். படிக்கிற காலத்தில் ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேஜைக்காரரான முட்டைக்கண்ணன். "அவ கதவுகிட்ட நிக்கிறாய்யா!"

கூடமே சிரித்தது. அட்டையக்காவுக்கோ நின்ற இடத்திலேயே உயிர் போய்விடும் போலிருந்தது.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். நான் பட்டம் வாங்கல. கடைசிப் பேப்பர் எழுதல. ஆசைப்பட்டு நானே எழுதி வெச்ச அட்டை அது. மாட்டிக்குவேன்னு பயந்து நானேதான் மூலையை வெட்டினேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சபை எழுந்து நின்னாச்சு. நின்னா இரங்கல் தீர்மானம் நிறைவேறினதாத்தான் அர்த்தம், அது நம்ம சங்கத்து வழக்கம். நம் உறுப்பினர்னு நானும் வாசிச்சாச்சு. அதை இனிமே மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. தப்பா இருக்கிறதை மட்டும் திருத்தலாம். எழுதுங்கக்கா: மேற்படி உறுப்பினர் உயிருடன் இருக்கிறார். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"அவ உயிரோட இருக்கிறதுக்கு எவன்யா ஆட்சேபிப்பான்!" என்ற முட்டைக்கண்ணன், பக்கத்திலிருந்தவர்களை நெருக்கித் தள்ளி ஓர் இடம் பண்ணினார். "வா, வந்து நம்ம செட்டோட உக்காந்து எழுது. எத்தனை வருஷம்தான் நின்னுக்கிட்டே எழுதுவ?"

முப்பத்தாறு கூட்டங்களில் அட்டையக்கா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த நோட்டுப் பக்கத்தை வரலாற்றுப் புத்தகத்தில் அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். "மேற்படி" வரைக்கும் கையெழுத்து சுத்தமாக இருக்கிறது. "உறுப்பினர்" என்ற இடத்தில்தான் மை கலங்கியிருக்கிறது.