விடுபட்ட பதினோரு பேர்

தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். ஆலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மட்டும் ஏ.சி. அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

புது அடையாள அட்டை அடிப்பதற்காகத் தொழிலாளர்கள் எல்லார் விவரத்தையும் மொத்தமாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் விவரத்தில் கோளாறு இருந்தாலும் புரோகிராம் நின்றுவிடும்; அதுவரை ஏறியதும் அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் எரிச்சலில், தப்பானதைத் தாண்டிப் போய்க்கொண்டே இரு என்று ஒரு வரியைச் சேர்த்தேன். கால் மணி நேரத்தில் 'முடிந்தது' என்று திரையில் வந்தது. யாரைத் தாண்டியது என்று அதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேனேஜர் பாராட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தபடி ஊர் போய்ச் சேர்ந்தேன்.

புது அட்டை கட்டாயமான திங்கள்கிழமை காலை, அது இல்லாமல் பதினோரு பேர் கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்தவர். அட்டை இல்லாவிட்டால் விடாதே என்றால் விடமாட்டார். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் மகாராஜபுரத்து அக்கா. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கு ஆயுத பூஜை அன்று ஆலையில் குத்துவிளக்கு கொடுப்பார்கள். அதற்காகக் காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தவர் அவர். பூஜைக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

"எம் பேரு உம் பெட்டிக்குள்ள ஏறலையாம். அப்ப நான் யாரும்மா?" என்று கேட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருடைய சித்தப்பா மகளும் எங்கள் ஆலையில்தான் வேலை பார்த்தார். இருவருக்கும் ஒரே அப்பத்தாவின் பெயர். அப்பாக்கள் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் இனிஷியலும் ஒன்று. ஒன்றாகப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் இருவருக்கும் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தது இப்படித்தான். ஏற்கெனவே ஏறியவர்தானே என்று கம்ப்யூட்டர் அக்காவை ஒதுக்கிவிட்டது.

நான் அட்டையை அடித்துக்கொண்டு வருவதற்குள் ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. ஆப்சென்ட் போட்டாயிற்று. மேனேஜரிடம் கெஞ்சினேன்.

"எழுதுன ரிஜிஸ்டர அடிச்சு எழுத ஏலாதும்மா" என்றார்.

அன்று வெட்கத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானமே புரோகிராமை மாற்றினேன். தப்பானதைத் தாண்டட்டும்; ஆனால் தாண்டிய ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு தாளில் அடித்துத் தராமல் 'முடிந்தது' என்று சொல்லக் கூடாது.

ஆயுத பூஜை அன்று குத்துவிளக்கு வேறொருவருக்குப் போனது. கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா குங்குமக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார்.

"இனிமேலாவது இதுக்கு ஆளு தெரியட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செத்த குனி தாயி. ஒனக்கும் வைக்கணும்."

குனிந்தேன்.