காஜாக்கா போன தூரம்

எங்கள் தையல் யூனிட்டில் காஜாக்கா என்றால் மானேஜருக்கே கொஞ்சம் பயம். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மிஷினில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். அம்மா போன பிறகு தம்பியையும் தங்கையையும் அந்த மிஷினை வைத்தே ஆளாக்கினாள். தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பான்; அக்கா தெருமுனைக்குப் போவதென்றால் மட்டும் துணைக்கு ஆள் தேடுவான். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை கல்யாணமாகி உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாள். தனக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றதும், "நீ பக்கத்துல இருந்தா போதும்கா" என்று அழுதாள், டிக்கெட்டும் அனுப்பினாள். தம்பி அதை வாங்கிப் பார்த்தான். காலையில் புறப்பட்டு, அதே நாள் சாயங்காலம் இறங்குவதாகப் போட்டிருந்தது. "அட, ஒரு பகல்தானே! போயிட்டு வாக்கா" என்று பெரிய மனசு பண்ணினான்.

மறுநாள் விவரம் கேட்கப் போன தம்பியிடம் டிராவல்ஸ் பெண் போட்டு உடைத்துவிட்டாள். "சார், அது அந்த ஊரு சாயங்காலம். அப்ப இங்க அடுத்த நாள் விடியற நேரம். நடுவுல ஒரு ஏர்போர்ட்ல வேற பிளேன் மாறணும்."

அவ்வளவுதான், தம்பி பிளேட்டைத் திருப்பிப் போட்டான். பெட்டி அடுக்க ஒத்தாசைக்குப் போன நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"கேன்சல் பண்ணிடலாம்கா. அந்த முழங்கால் வலியை வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் உன்னால உட்கார முடியுமா?"

அக்கா சேலை மடிப்பதை நிறுத்தவில்லை.

"உன் காலேஜுக்காக உட்கார்ந்தேன். அவ கல்யாணத்துக்காக உட்கார்ந்தேன். அப்பல்லாம் இந்த முழங்கால் உன் கண்ணுல படலையாடா?"

"அதில்லக்கா... பாஷை தெரியாத எடம். வழியில உனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

"அங்க அவளுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?"

"அவ புருஷன் இருக்காரே!"

"அவரு இருக்கட்டும். அவ கூப்பிட்டது என்னை."

தம்பி டிக்கெட்டை மடித்து அக்காவின் பையில் வைத்தான். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

நடுவழி ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினாள். "முழங்கால் பூசணிக்காயாட்டம் வீங்கிடுச்சுடி. வீங்கட்டும்! பாதி தூரம் வந்தாச்சு, திரும்பவா முடியும்?" சக்கர நாற்காலி கொண்டுவந்தார்களாம், அதில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆபரேஷன் அன்று நடந்ததை அவளே பிறகு சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாளாம். தியேட்டர் வாசலில் நர்ஸ் ஏதோ கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தங்கையின் புருஷன் பதில் சொல்ல எழுந்திருப்பதற்குள், நொண்டிக்கொண்டே முன்னால் போய் நின்று, நம் பாஷையிலேயே சத்தமாகச் சொன்னாள்.

"நான் இருக்கேன். இவளோட அக்கா."

தங்கை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாளாம்.