ருசி பார்த்த கையெழுத்து

சாப்பிடாத உணவைச் சாப்பிட்டுப் பார்த்ததாகப் பதினோரு ஆண்டுகள் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நாள் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. பிள்ளைகளின் சோற்றில் மருந்து கலந்தவர் என்ற பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால், அதற்குள் ஏதாவது நியாயம் கற்பித்துக்கொள்வேன் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். சத்துணவு பரிமாறுவதற்கு முன்னால் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளின் வயிற்றுக்குப் போவது முதலில் ஒரு பெரியவரின் வயிற்றுக்குப் போகட்டும் என்பதுதான் அந்த விதி. எங்கள் வீட்டில் வெளியில் சமைத்ததைத் தொடுவதில்லை. ஆசாரம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். யார் சமைத்தது என்பதும் அந்த ஆசாரத்துக்குள் இருந்தது என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை. சமையலம்மா ஒரு சின்னத் தட்டில் சோறும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நான் அதைக் கொல்லைப்புறச் சுவரில் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, ‘நன்று’ என்று எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அவரைப் பிள்ளைகள் ‘சாப்பாட்டு ஆயா’ என்பார்கள். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. கையில் சோப்பு வாசனை வந்தால்தான் தட்டில் சோறு விழும். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து முகர்ந்து பார்ப்பார். யார் நேற்று வரவில்லை, யாருக்குக் கண்வலி, யார் வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான் என்பதெல்லாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் சாப்பிடாமல் வந்து முதல் பாடத்திலேயே தலை சாய்க்கிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் போடுவார்.

இதெல்லாம் எனக்கு நல்லதாகப் படவில்லை. இந்த அம்மாள் ஏன் ஊர் வீட்டுக் கதையெல்லாம் விசாரிக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். சமையலறைக் கதவை ஏன் சாத்திக்கொண்டு சமைக்கிறார்? சாயங்காலம் போகும்போது மூடிய தூக்குவாளி ஒன்றை எடுத்துப் போகிறாரே, அதில் என்ன? நான் ஜன்னல் ஓரமாக நின்று பார்ப்பேன். அவர் திரும்பினால் வேறு எங்கோ பார்ப்பதுபோல நிற்பேன். அந்த வாளியில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கு ஆய்வு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளாகப் பள்ளி முழுவதையும் பினாயில் விட்டுக் கழுவினோம். வராந்தாவில் துடைப்பமும் பினாயில் கேனும் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, முந்தின நாள் மாலை எல்லாரும் போன பிறகு, நானே கேனைத் தூக்கிச் சாமான் அறையில் பருப்பு மூட்டைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். மூடி சரியாகத் திருகியிருந்ததா என்று பார்க்கவில்லை.

மறுநாள் சமையலம்மா தட்டோடு வந்தார். வழக்கமாக வைத்துவிட்டுப் போகிறவர் அன்றைக்குப் போகாமல் நின்றார்.

“சார், ரெண்டு நாளா சளி. மூக்கு அடைச்சுக் கிடக்கு, ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க ஒரு வாய் வச்சுப் பாருங்க.”

‘ஒரு நாளாவது’ என்ற சொல் என்னைச் சுட்டது. நான் சாப்பிடுவதில்லை என்பது இவருக்குத் தெரியும், அதைக் குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்” என்றேன். பார்க்கவில்லை. நோட்டில் ‘நன்று’ என்று எழுதினேன். பள்ளி முழுவதும் பினாயில் நாற்றமாக இருந்ததால், சோற்றில் அந்த வாடை வந்தது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சார், கசக்குது” என்றாள். அவளிடம் நான், “சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது, மிச்சம் வைக்காமச் சாப்பிடு” என்று சொன்னேன். சொல் கேட்கிற பிள்ளை. சாப்பிட்டாள்.

அரை மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. கிடைத்த ஆட்டோக்களில் எல்லாம் பிள்ளைகளை ஏற்றினோம். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் துடைத்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டவர் சமையலம்மாதான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தகப்பன் அவர் கையைத் தட்டிவிட்டு, “நீ தொடாத” என்றார். இரண்டு நாளில் எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள். அது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலமே சாமான் அறைக்குப் போனேன். கேன் சாய்ந்து கிடந்தது. பருப்பு மூட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது; மழை ஒழுக்கு என்று சமையலம்மா நினைத்திருக்க வேண்டும். கேனை எடுத்து வராந்தாவில் பழைய இடத்தில் வைத்தேன். மூட்டையை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கினேன். அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

சோற்றில் பினாயில் கலந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நீங்கள் சாப்பிட்டுப் பார்த்தபோது எப்படி இருந்தது? நான் நோட்டை நகர்த்தி வைத்தேன். “நன்றாக இருந்தது” என்றேன். அப்படியானால் கலந்தது அதற்குப் பிறகுதான். அதற்குப் பிறகு சமையலறையில் இருந்தவர் ஒருவர்தான். கணக்குப் பாடம் போல முடிந்துவிட்டது.

சமையலம்மா சொன்னார்: “சார் சாப்பிட்டுப் பார்க்கலைங்க. எப்பவுமே பார்க்க மாட்டாருங்க.”

அதிகாரி நோட்டைப் புரட்டினார். “இவ்வளவு வருஷமா போட்ட கையெழுத்தெல்லாம் பொய்யிங்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லலைங்க. அவரையே கேளுங்க. என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.”

நான் அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். “சாப்பிட்டேன்.”

சமையலம்மாவை வேலையை விட்டு அனுப்பிய பிறகு சமையலுக்கு வேறொருவர் வந்தார். சமையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொள்ளிடக் கரையோரத்துப் பிள்ளைகள் பலர் வருவது நின்றது. வந்தவர்களிலும் பாதிப்பேர் சோற்றுக்கு உட்காரவில்லை. பிற்பகல் வகுப்பில் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். நான் பாடம் நடத்துவேன். எனக்கு மறு ஆண்டு பதவி உயர்வு வந்தது. போய்விட்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு காலையில் அந்தப் பள்ளி வாசலைக் கடந்துகொண்டிருந்தேன். ஓர் இளம் தாய் தன் மகனின் பையில் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, “அங்க குடுக்கிறதை வாயில வைக்கக் கூடாது, தெரியுதா?” என்றாள். பையன் கூட்டாளிகளோடு சாப்பிட வேண்டும் என்று அழுதான். ஏனம்மா என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாது தாத்தா. நான் இங்கதான் படிச்சேன். ஒரு ஆயா சோத்துல மருந்தைக் கலந்துடுச்சு. கசக்குதுன்னு சொன்னேன், யாரும் கேக்கல.”

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

சமையலம்மா அரியமங்கலத்தில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. சத்திரம் பஸ் நிலையம் போய் அங்கே பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? திரும்ப ஏதாவது கேஸா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேன், மூட்டை, ஆற்றங்கரை, பள்ளி வாசலில் அந்த இளம் தாய் சொன்னது. அவர் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். என் கையில் வைத்திருந்த தாளைப் பார்த்து, “அது என்ன?” என்றார். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன், கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன் என்றேன்.

“கையெழுத்துப் போடறது உங்களுக்கு எப்பவுமே சுலபம்தானே சார்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எங்க சமையல் வேலை கேட்டுப் போனாலும், முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க. சொன்னா அனுப்பிடுவாங்க. என் மக நிச்சயத்துக்கு வந்தவங்க என் கையால காப்பி குடிக்கல. இதுக்கெல்லாம் பேப்பரா? அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாமாருங்க முன்னாடி வாயால சொல்லுங்க. நான் வந்து பக்கத்துல நிக்க மாட்டேன்.”

தாளை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியை மிகவும் தயங்கினார். “பழசைக் கிளறினா இருக்கிற பிள்ளைங்களும் சாப்பிடாது சார். உங்களை யாராவது தூண்டி விட்டாங்களா?” என்று கேட்டார். கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கொடுத்தார்.

சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். பின் வரிசையில் ஒருவர், “பணம் ஏதாவது வாங்கிட்டுப் பேசறாரோ” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த இளம் தாய் எழுந்து நின்றாள்.

“கசக்குதுன்னு சொன்னப்ப, மிச்சம் வைக்காமச் சாப்பிடுன்னு சொன்னது நீங்கதானா?”

“நான்தான்.”

அவள் தலைமையாசிரியையிடம் திரும்பி, “இப்ப யாரு டீச்சர் சாப்பிட்டுப் பார்க்கிறீங்க? நாளைக்கு நான் வந்து பார்க்கலாமா?” என்றாள். வேறு இரண்டு பெண்களும் எழுந்தார்கள். அந்த வாரத்திலிருந்து தாய்மார்கள் முறை வைத்து வந்து, முதல் தட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் மகன் இப்போது கூட்டாளிகளோடு பந்தியில் உட்காருகிறான் என்று கேள்விப்பட்டேன்.

சமையலம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அழைத்துப் போனேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“முட்டையை மொதல்ல தின்னுட்டு, சோத்தைப் பக்கத்துப் பையன் தட்டுல தள்ளுவியே, அவதானே நீ?”

அவள் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தமும், பிறகு இருவரும் பேசுகிற சத்தமும் கேட்டது. நான் வெளியில் நின்றேன். என்னைக் கூப்பிடுவார்கள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

புறப்படும்போது அவர் வாசலுக்கு வந்தார்.

“கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்களா?”

பாதிப்பேர்தான் என்றேன்.

“அடுத்த கூட்டம் எப்ப?”

“வர்ற மாசம்.”

“அப்ப வர்ற மாசமும் போய்ச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

போனேன். இதுவரை நான்கு கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு முகம், நம்பலாமா என்று என்னைப் பார்க்கிறது.