கோதுமை போதாதென்று கலகம் செய்யும் என் குடிமக்கள்

நான் ஆடும் கம்ப்யூட்டர் கேமில், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நாட்டுக்கு நான்தான் ராஜா. ஒரு வாரமாக என் தொழிலாளிகள் கலகம் செய்கிறார்கள். கோதுமையைக் கொட்டிக் கொடுத்தும் அடங்கவில்லை. ஏனென்றே புரியவில்லை.

இன்று காலை திருமுடிவாக்கத்தில், எங்கள் லேத் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் பால் வரவில்லை. லேத் ஆட்கள் யாரும் வேலைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார்கள்.

"எல்லாரும் இட்லி சாப்பிட்டுத்தானே வந்தாங்க, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

கடைக்கார அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "துன்றது வேற, டீ வேற சார். இதுகூடவா தெரியாது?"

சாயங்காலம் குரோம்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், கேமில் என் நாட்டில் பாதி கோதுமை வயலை அழித்துத் தேயிலை போட்டேன். கலகம் நின்றது. பத்தே நிமிடம்தான். இப்போது நாற்காலி வேண்டுமாம்.

காலையில் ஒருவழியாகப் பால் வந்து, டீ கிளாஸைக் கையில் வாங்கிய லேத்கார அண்ணன் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இன்னாக்கா, குந்த ஒரு பெஞ்ச் போட மாட்டியா?"

பெஞ்சுக்கு அப்புறம் என்ன கேட்பார்கள்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். என் நாட்டில் மரம் வேறு இல்லை.